அந்த ஹீட் பம்பை நான் மாட்டுவதை ஏன் நிறுத்தினேன்

ஊட்டி லாட்ஜ் ஒன்றில் நான் மாட்டிய ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் அது; வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் வகை. ஜனவரி உறைபனியில் விடிகாலையே போன்: "அண்ணே, பச்சைத் தண்ணிதான் வருது."

வெளியே காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் குழாய்ச் சுருள் (காயில்) முழுக்க ஐஸ் கட்டியிருந்தது. ஐஸைத் தானே கரைக்கும் டிஃப்ராஸ்ட் ஓடவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன் (கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும்). காயிலின் குளிரை அளக்கும் சென்சாரைக் கழற்றி, டம்ளரில் ஐஸ் தண்ணீருக்குள் முக்கி மீட்டர் வைத்தேன். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை; 0 டிகிரியில் சுமார் 30-க்கு ஏற வேண்டும். 11-லேயே நின்றது. குளிர் அடிப்பதே, டிஃப்ராஸ்டை ஓட்டும் கன்ட்ரோல் போர்டுக்குத் தெரியவில்லை.

மாற்றுவது அரை மணி நேர வேலை. அந்தச் சின்ன சென்சார் கம்பெனியிலிருந்து வர ஆறு வாரம் ஆனது. அத்தனை நாளும் லாட்ஜ்காரர் விறகு அடுப்பில் வெந்நீர் போட்டார். என்னை நம்பி வாங்கியவர்.

இப்போது, கோயம்புத்தூரிலேயே ஸ்பேர் கிடைக்கும் பிராண்டை மட்டும்தான் மாட்டுகிறேன்.