படம் வருகிறது, ஒலி வரவில்லை: டிவி கேப்சர் கார்டின் இயக்கியைச் சரிசெய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில், திருமணம், காவடி, வீட்டுச் சடங்கு என எல்லாவற்றையும் வீடியோ கேசட்டில் பதிந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவற்றைக் கணினிக்கு மாற்ற விரும்பிப் பழைய பிசிஐ டிவி கேப்சர் கார்டு (வீடியோவைக் கணினிக்குள் எடுக்க உள்ளே செருகும் அட்டை) ஒன்றை வாங்கிப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தொல்லையில் சிக்குகிறார்கள். திரையில் மணமேடை தெரிகிறது, நாதஸ்வரக்காரரின் கன்னங்கள் உப்புகின்றன, ஆனால் சத்தம் மட்டும் கேட்பதில்லை. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கணினியில் இதைச் சரிசெய்வது எப்படி என்பதைப் படிப்படியாகக் காண்போம். கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளை இடும் டெர்மினல் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

படமும் ஒலியும் ஒரே கார்டுக்குள் நுழைந்தாலும், கணினிக்குள் அவை தனித்தனி வழியாகவே செல்கின்றன. படத்தை வீடியோ இயக்கி (டிரைவர், அதாவது கார்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) கையாள்கிறது. ஒலியைக் கார்டில் உள்ள சிப்பைப் பொறுத்து வேறொரு துணை இயக்கி கையாளும், அல்லது ஒரு சிறிய கம்பி கொண்டுபோய் ஒலி அட்டையில் சேர்க்கும். ஆகவே படம் தெரிவதால் மட்டும் இயக்கி முழுவதும் சரியாக அமைந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது.

படி 1: சிப்பை அறிதல்

முனையத்தைத் திறந்து 'எல்-எஸ்-பி-சி-ஐ' என்ற கட்டளையை (இடையில் கோடு இல்லாமல்) இடுங்கள். பட்டியலில் எஸ்ஏஏ7134, எஸ்ஏஏ7133, எஸ்ஏஏ7130, பிடி878, சிஎக்ஸ்2388 ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு பெயர் தென்படும். இவற்றுள் 7130 மட்டும் ஒலியை இலக்கமாக மாற்றித் தராது; அந்தக் கார்டை வைத்திருப்பவர்கள் இயக்கியோடு போராடாமல், கார்டின் ஒலி வெளியீட்டிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு ஒரு கம்பியைப் போட்டுவிடுவதே நல்லது. பிடி878 கார்டுக்கும் பெரும்பாலும் அதையே பரிந்துரைப்பேன். இனி வரும் படிகளில் பல, 7133 அல்லது 7134 சிப் உள்ள கார்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 2: கார்டின் எண்

'டி-எம்-இ-எஸ்-ஜி' கட்டளையை (இதிலும் கோடு இல்லாமல்), நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' என்ற சொல்லை முன்னே சேர்த்து இட்டு, எஸ்ஏஏ7134 என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். இயக்கி உங்கள் கார்டை எந்தப் பெயரில் அடையாளம் கண்டிருக்கிறது என்பது அங்கே இருக்கும். மலிவான கார்டுகள் சிலவற்றில் அடையாளம் சொல்லும் நினைவகமே இருக்காது. அப்போது அவை பெயர் அறியாத பொதுக் கார்டாகக் கொள்ளப்பட்டு எண் 0 பெறும். வீடியோ உள்ளீடு ஏதோ ஒன்று வேலை செய்தாலும், ஒலியைச் சிப்பின் எந்தக் காலின் (இணைப்பு முனையின்) வழியே எடுப்பது என்பது இயக்கிக்குத் தெரியாமற் போவது இங்கேதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணங்களில் உள்ள கார்டுப் பட்டியலில் உங்கள் கார்டின் எண்ணைத் தேடியெடுங்கள். பிறகு, இடிசி அடைவுக்குள் இருக்கும் 'மாட்ப்ரோப்.டி' என்ற அடைவில், பெயர் 'கான்ஃப்' என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 கார்டு=' என்று எழுதி அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும்.

அதே கோப்பில் 'ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134-ஆல்சா இண்டெக்ஸ்=1' என்ற வரியையும் சேருங்கள். இதை நான் முதன்முறை விட்டுவிட்டேன். கேப்சர் கார்டு முதல் ஒலி அட்டையாக அமர்ந்துகொள்ள, கணினியின் மற்ற ஒலிகள் எல்லாம் அடங்கிப்போயின; ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றை வாங்கி வந்த பின்னரே உண்மை விளங்கியது. மாற்றங்கள் நடைமுறைக்கு வர இயக்கியை இறக்கி ஏற்றலாம் என்றாலும், ஒலிச் சேவை அதைப் பிடித்துவைத்திருந்தால் இறங்காது. கணினியை மறுபடி தொடங்குவதே எளிது.

படி 3: ஒலிக் கலவை

'ஆல்சாமிக்சர்' கட்டளையை இட்டு, எஃப்6 விசையால் கேப்சர் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 விசையால் பதிவுப் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ஆன்டெனா வழி வரும் ஒலிக்கு 'வீடியோ' என்றும், வெளியிலிருந்து கம்பியில் வரும் ஒலிக்கு 'லைன்' என்றும் பெயர்கள் இருக்கும். வி.சி.ஆரின் (கேசட்டை ஓட்டும் கருவியின்) மஞ்சள் கம்பியில் படமும் வெள்ளை, சிவப்புக் கம்பிகளில் ஒலியும் வருமானால் லைனைத்தான் ஸ்பேஸ் விசையால் இயக்க வேண்டும். கேசட்டுகளுக்கு இந்த வழியே சிறந்தது.

படி 4: ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுவருதல்

இத்தனையும் செய்த பிறகும் மௌனம் நீடிக்கலாம், ஏனெனில் கார்டு தரும் ஒலி தானாக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. 'ஏரெகார்ட்' கட்டளையில் கேப்சர் கார்டைச் சாதனமாகவும், நொடிக்கு 32000 மாதிரிகள் என்ற வீதத்தையும் கொடுத்து, அதன் வெளியீட்டை நெடுங்கோட்டுக் குறியால் (|) 'ஏபிளே' கட்டளைக்குத் திருப்பிவிடுங்கள். இந்தச் சிப்புகளில் ஆன்டெனா ஒலிக்குரிய வீதம் 32000 ஆகும். 44100 என்று பழக்கத்தில் எழுதினால் பிழைச் செய்தி வரலாம்.

படி 5: ஆன்டெனா வழி என்றால் மட்டும்

வி.சி.ஆர் அல்லது டிகோடரை ஆன்டெனா கம்பியால் இணைத்திருப்பவர்களுக்கு இந்நாட்டில் இன்னொரு தடை உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1976ஆம் ஆண்டு தொடங்கிய தொலைக்காட்சி பால்-ஐ என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது. (இதைப் பாலுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்த்ததாகப் படித்துவிட வேண்டாம்.) இம்முறையில் ஒலி அலை, பட அலையிலிருந்து சுமார் 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால்-பி முறையில் அந்த இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ்தான். வண்ணமும் வரிகளும் ஒன்றாக இருப்பதால் படம் குறையின்றித் தெரியும். ஒலிக்கோ வெறும் இரைச்சல், அல்லது அதுவும் இல்லை. சில இயக்கிகள் சரியான இடைவெளியைத் தாமே தேடினாலும், வலுக்குறைந்த அலையில் ஏமாந்துபோகும். ஆகவே படி 2இல் உருவாக்கிய கோப்பில் 'ஆப்ஷன்ஸ் டியூனர் பால்=ஐ' என்று எழுதி உறுதிசெய்துவிடலாம்.

ஆனால் சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த வி.சி.ஆரை ஆன்டெனா வழியாக இணைத்திருந்தால், அது பெரும்பாலும் 5.5 இடைவெளியிலேயே அனுப்பும்; அப்போது பி என்றே அமைக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது கணினி இருக்கும் ஊரை அன்று, அலையை அனுப்பும் கருவியை. கேசட் எங்கே பதியப்பட்டது என்பதும் இதில் பொருட்டல்ல, இந்த இடைவெளி நாடாவில் இருப்பதில்லை, வி.சி.ஆரின் ஆன்டெனா வெளியீடுதான் அதை உண்டாக்குகிறது.

எல்லாம் கேட்கத் தொடங்கியதும், முழுக் கேசட்டையும் ஒரேயடியாக ஓடவிடாமல், மேளம் முழங்கும் இடமாகப் பார்த்து இரண்டு நிமிடம் பதிந்து கேளுங்கள். தவில் அடி கரகரத்தால் ஆல்சாமிக்சரில் ஒலியளவைக் குறைத்துவிட்டு, பிறகு மூன்று மணி நேர நாடாவைத் தொடங்கலாம்.