நெடுஞ்சாலை இரைச்சலைக் குறைக்கச் சன்னல் இடுக்குகளை அடைக்கும் முறை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அடுக்ககம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருப்பதால், லாரிகளின் ஏர் ஹாரன் ஓசையில் என் தாயார் பல மாதங்கள் உறக்கமின்றித் தவித்தார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. ஆயினும் சாலை ஓயாது என்பதால் வீட்டைச் சரிசெய்வதே வழியாயிற்று.

சுவரில் ஒட்டும் நுரைப் பலகைகளை வாங்க வேண்டாம். அவை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் ஓசையை நன்றாகவே தடுக்கிறது; காற்று நுழையும் இடுக்கு எதுவோ, ஓசை நுழையும் வழியும் அதுவே.

முதலில் மின்விசிறியை அணைத்து, வெளியேற்று விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஊதுபத்தியைச் சன்னலின் ஓரங்களில் மெல்ல நகர்த்துங்கள். புகை உள்நோக்கிச் சாயும் இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள்.

அடுத்து, சட்டமும் சுவரும் சேரும் இடுக்கு. நான் தவறியது இங்கேதான். கடையில் கொடுத்த, வினிகர் வாடை வீசும் சிலிக்கான் அடைப்புப் பசையைப் பூசினேன். அது சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காமல் ஒரே கோடையில் உரிந்து வந்துவிட்டது. அந்த வாடை இல்லாத வகையான, 'நியூட்ரல் க்யூர்' என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள். பழைய பட்டியைச் சுரண்டி, தூசியைத் தூரிகையால் முற்றிலும் நீக்கி, ஈரமில்லாத நிலையில் பூச வேண்டும். இடுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், முதலில் நுரைக் கயிற்றைத் திணித்து அதன்மேல் பூசினால்தான், வெயிலில் சட்டம் விரிந்து சுருங்கும்போது பூச்சு கிழியாது. சிலிக்கான்மேல் பெயின்ட் ஒட்டாது என்பதால், உட்புறத்திற்கு அக்ரிலிக் பூச்சையே நான் விரும்புகிறேன்.

நகரும் சன்னல் கதவுகளில், இடுக்கை மூடும் பிரஷ் பட்டைகள் தேய்ந்துபோயிருந்தால் மாற்றுங்கள். கீழ்த்தடத்தில் உள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நான் அடைத்ததால் ஐப்பசி மழையில் தண்ணீர் படுக்கை வரை வந்தது.

வேலூர் வெயிலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு வாழ முடியாது. சாலைப் பக்கத்துச் சன்னலை மூடி, பின்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள். எரிவாயு அடுப்புள்ள சமையலறையின் காற்றுவழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் பயனில்லை என்று எழுதிய வாசகர் ஒருவரின் வீட்டில், ஏசி குழாய் செல்லும் ஓட்டை திரைக்குப் பின்னால் திறந்தே இருந்ததாம், அதையும் பாருங்கள். மேல்வீட்டுக் காலடி ஓசையைப் பற்றியும் பலர் கேட்டுள்ளனர். அது தளத்தின் வழியாகவே இறங்குவதால் இம்முறை உதவாது. மேல்வீட்டாரிடம் பேசி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ்களும் தரைக்குத் தடித்த விரிப்பும் போடச் சொல்வதே பலன் தரும்.