பால்மா ரின்னுக்குள் ஒரு தலைகீழ்த் தென்னை

மட்டக்களப்பில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் ஒளிப் பாடத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே முடித்துவிடுகிறோம். நானும் முதல் வருடம் கல்லடியில் அப்படித்தான் நடத்தினேன். ‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’ என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பித்தது. அப்படியென்றால் ஊசித்துளைக் கமராவில், அதாவது வில்லையின்றி ஒரு சிறு துளை வழியே திரையில் விம்பம் விழும் பெட்டியில், விம்பம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. இப்போதெல்லாம் முதலில் பால்மா ரின்னில் அந்தக் கமராவைச் செய்வோம், வரைவிலக்கணம் பிறகு.

ஒவ்வொரு குழுவுக்கும் வெற்றுப் பால்மா ரின், ஆணி, தையல் ஊசி, சொக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாள், வெள்ளைக் கடதாசி, தேங்காயெண்ணெய், இறப்பர் வளையம், கறுப்பு மட்டை வேண்டும்.

படி 1: ரின்னின் அடியில், நடுவில், ஆணியால் துளையிடுங்கள். இந்தத் துளையோடு நிறுத்தினால் விம்பம் மங்கலாகத்தான் விழும். நான் ஒரு முழுப் பாடவேளையை இதில் தொலைத்திருக்கிறேன். துளையின் மேல் வெள்ளித்தாளை ஒட்டி, ஊசி முனையால் மெல்லக் குத்துங்கள். துளை ஒரு மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது.

படி 2: கடதாசியில் எண்ணெய் தடவி, மிகுதியைத் துடைத்து, ரின்னின் திறந்த வாயில் இழுத்துக் கட்டுங்கள். இதுதான் திரை. பக்க வெளிச்சம் படாமல் கறுப்பு மட்டையைக் குழலாகச் சுற்றிவிடுங்கள்.

படி 3: அறையை இருட்டாக்கி, இரண்டு மெழுகுதிரிகளை அருகருகே ஏற்றுங்கள். திரையில் என்ன தெரியும் என்று பார்ப்பதற்கு முன்பே வரையச் சொல்லுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலானோர் சுடரை நிமிர்த்தித்தான் வரைவார்கள். பார்த்த பிறகு இடப்பக்க மெழுகுதிரியை ஊதி அணையுங்கள். திரையில் மறைவது வலப்பக்கச் சுடர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியை ஆராய்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதமும் விளக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மறைத்து, இப்படித்தான் சோதித்தார். சுடரின் உச்சியிலிருந்து துளை வழியாகத் திரைக்கு ஒரு கோட்டைப் பிள்ளைகளே இழுக்கட்டும். தலைகீழ் ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டியிராது.

படி 4: இருட்டறைக்குள் நின்றபடி ரின்னை யன்னலுக்கு வெளியே தெரியும் தென்னையை நோக்கித் திருப்புங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் வேண்டாம். மரம் 10 மீற்றர் உயரம், 20 மீற்றர் தூரம், ரின் 12 சென்ரிமீற்றர் நீளம் என்றால் விம்பம் 6 சென்ரிமீற்றர். அடிமட்டத்தால் அளந்து பார்க்கட்டும். காற்றில் ஓலை அசைவதும் திரையில் தெரியும். அந்த நேரம் வகுப்பை அடக்க முயலாதீர்கள்.

படி 5: தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி திசை மாறுவதுதான் ஒளிமுறிவு. அதைக் காட்ட ஒரு கோப்பையும் நாணயமும் போதும். நாணயத்தைக் களிமண்ணால் அடியில் ஒட்டி, அது விளிம்புக்குப் பின்னால் மறையும்வரை பிள்ளையைப் பின்னே நகரச் சொல்லுங்கள். மற்றவர் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் நாணயம் எழும்பி வரும். மேலிருந்து பார்ப்பவருக்கு நான்கு அடி ஆழம் மூன்றடியாகத்தான் தெரியும் என்றேன். வாவியில் தோணி தள்ளும் கம்பு தண்ணீருக்குள் முறிந்ததுபோல் தெரிவதை அப்பாவோடு போகும்போது பார்த்ததாகப் பின்வரிசை மாணவன் ஒருவன் சொன்னான். அதனால்தான் ‘முறிவு’ என்று பெயரா என்று அவனே கேட்டான்.