பச்சக் குழந்தைக்கு டயபர் ரேஷ் வந்தா என்ன பண்ணணும்

என் பொண்ணுக்கு 20 நாள் இருக்கும்போது ஒரு நாள் காலைல டயபர கழட்டினா பின்பக்கம் பூரா செவசெவன்னு இருக்கு, கை பட்டாலே வீல்னு கத்துறா, எனக்கும் அழுகை வந்துடுச்சு. நீங்களும் இப்ப அப்படித்தான் உக்காந்திருக்கீங்கன்னா பதறாதீங்க, கவனிச்சு பாத்துக்கிட்டா பெரும்பாலும் 2, 3 நாள்ல ஆறிடும்.

ஈரம்தான் இதுக்கு மொத காரணம். மூத்திரமும் ஆயும் சேர்ந்து தோல்லயே கெடந்தா தோல் ஊறி மெலிசாகி, டயபர் உரசுறப்ப புண்ணாயிடுது. அதனால க்ரீம் தேடுறதுக்கு முன்னாடி டயபர 2, 3 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க, ஆய் போனா உடனே மாத்திடுங்க, நைட்டு தூங்குறாளேன்னு விட்டுடாதீங்க. வாசனை போட்ட வைப்ஸ் வேணாம், வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு தொடைங்க, அப்புறம் பழைய வேட்டித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்கவே கூடாது. தொடை இடுக்குல ஈரம் ஒளிஞ்சிருக்கும், அத விரிச்சு பாருங்க.

அடுத்து காத்தாட விடுங்க. ரப்பர் ஷீட் மேல துணி விரிச்சு 10, 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ அப்படியே படுக்க வச்சோம், எங்க பாப்பாவுக்கு இதுதான் ரொம்ப கேட்டுச்சு.

நல்லா காஞ்சப்புறம் ஜிங்க் ஆக்ஸைடு இருக்கற க்ரீம், இட்லிக்கு சட்னி வைக்கற மாதிரி தாராளமா, தோல் தெரியாத அளவுக்கு பூசுங்க. அடுத்த தடவ மாத்தும்போது மேல ஒட்டின அழுக்க மட்டும் எடுத்தா போதும், கீழ இருக்கற க்ரீம சுரண்டாதீங்க.

பாட்டி சொன்னாங்கன்னு பவுடர் கொட்டாதீங்க, அந்தத் தூசி மூச்சுல போனா கொழந்தைக்கு ஆபத்து. மெடிக்கல்ல கேட்டு ஏதோ ஒரு ஆயின்மென்ட் வாங்கி தடவுறதும் வேணாம், சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், டயபர் மூடி வைக்கறதால தோல் அத இன்னும் அதிகமா உறிஞ்சிடும். துணி நாப்கின்னா சோப்பு போக நல்லா அலசி வெயில்ல காய வைங்க.

இடுக்குக்குள்ளயே அடர் சிவப்பா இருந்து, சுத்தி குட்டி குட்டி புள்ளி இருந்தா அது பூஞ்சையா இருக்கலாம், வெறும் ஜிங்க்ல போகாது, டாக்டர் தர்ற மருந்துதான் வேணும். 3 நாள்ல கொறையலன்னாலும் காட்டிடுங்க. சீழ், கொப்புளம், ரத்தம் வந்தாலோ, ஒடம்பு சுட்டாலோ, பால் குடிக்கலன்னாலோ அந்த 3 நாள் கணக்கெல்லாம் பாக்காம அன்னிக்கே தூக்கிட்டு போயிடுங்க.