கண்புரை அறுவை: முறையையும் லென்ஸையும் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புரை இன்னும் முத்தலியே, முத்தட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் நெல்லைச் சீமையில் முதல் தவறு. பெரிதாக வெட்டித் தையல் போட்ட காலத்துப் பேச்சு அது. இன்று தள்ளத் தள்ளப் புரை பழுப்பேறிக் கல்லாக இறுகும். சிறு துளை வழியே அல்ட்ராசவுண்டு அதிர்வால் புரையை உடைக்கும் பேகோ முறையில் அதை உடைக்க அல்ட்ராசவுண்டு சக்தி கூடுதலாகச் செலவாகும். கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் உட்புறச் செல்கள் அதில் அழியும், திரும்ப வளராது. ரொம்பவும் முற்றினால் புரை வீங்கிக் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பையே கெடுக்கலாம். அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகிவிட்டால் அதுவே அறுவைக்கான நேரம்.

அடுத்தது, பேகோவை "லேசர் ஆபரேஷன்" என்று நினைப்பது. பேகோ என்பது ஒலி அதிர்வு. 2.2 முதல் 2.8 மி.மீ. வரையுள்ள துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடக்கிய செயற்கை லென்ஸை உள்ளே விரிய விடுவார்கள். உண்மையான ஃபெம்டோ லேசர் முறையில் லேசர் செய்வது துளையிடுதல், புரை பிடித்த இயற்கை லென்ஸின் உறையை வட்டமாகத் திறத்தல், புரையைக் கீறுதல் ஆகியவைதான். உறிஞ்ச மறுபடி பேகோ கருவிதான் வர வேண்டும். சாதாரணப் புரைக்கு இதனால் பார்வை கூடுதலாகத் தெளிவதில்லை, பில்தான் கூடும்.

இலவசக் கண் முகாமில் பெரும்பாலும் செய்வது எஸ்.ஐ.சி.எஸ். எனும் சிறு வெட்டு அறுவை. வெள்ளை விழியில் 6 முதல் 7 மி.மீ. அளவில் சுரங்கம்போல் வெட்டுவார்கள். அது தானே மூடிக்கொள்ளும், பொதுவாகத் தையல் கிடையாது. "இலவசம்தானே, மட்டமாத்தான் இருக்கும்" என்று இதை ஒதுக்குவது தவறு. கறுத்து இறுகிய புரைக்குக் கைதேர்ந்த மருத்துவர் செய்யும் எஸ்.ஐ.சி.எஸ். பல வேளை பேகோவைவிடப் பாதுகாப்பு. குறை என்னவென்றால், வெட்டு பெரிது என்பதால் சிலிண்டர் பவர் (கார்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததால் வரும் பவர்) சற்றுக் கூடலாம், கண்ணாடி எழுதச் சில வாரம் அதிகம் பிடிக்கலாம்.

முறை வேறு, லென்ஸ் வேறு. பலர் குழம்புவது இங்கேதான். வெளிநாட்டு லென்ஸ் என்றால் உசத்தி என்று நினைக்க வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த மதுரை ஆரோலேப் 1992 முதல் லென்ஸ் செய்கிறது. பார்க்க வேண்டியது லென்ஸின் வகை. ஒற்றைக் குவிய லென்ஸை வழக்கமாகத் தூரப் பார்வைக்குத்தான் வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் தங்கள் வேலையைச் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு "பக்கத்துல தெரியலையே" என்று வருந்துகிறார்கள். மைனஸ் 2 பவர் மிஞ்சும்படி லென்ஸ் வைத்தால் அரை மீட்டர் தூரம் கண்ணாடியின்றித் தெளியும், தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டும். இதை லென்ஸ் பவரை முடிவு செய்யும் முன்பே கேட்க வேண்டும்.

தூரம், பக்கம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணாடியைக் குறைக்கும். ஆனால் இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் காட்டும். நாகர்கோவில் சாலையில் ராத்திரி லாரி ஓட்டுபவருக்கு அது ஆகாது. சர்க்கரையால் விழித்திரை கெட்டவருக்கும், கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் முற்றியவருக்கும் பொதுவாக வேண்டாம். சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ் உள்ளே 30 டிகிரி திரும்பிவிட்டால் பலன் ஏறக்குறைய பூஜ்ஜியம்.

லென்ஸ் பவரைக் கணக்கிடக் கண்ணின் நீளத்தை அளக்கும்போது தலையை ஆட்டாமல் இருங்கள். அளவில் 1 மி.மீ. பிசகினால் பவர் இரண்டரைக்கு மேல் மாறிப்போகும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்கள் அதை மறைக்கவே கூடாது: அறுவையின்போது கண்மணி சுருங்கி, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரை தொளதொளத்து வெட்டு வழியே பிதுங்கலாம். நிறுத்தினாலும் இது முழுதாகப் போகாது, மருத்துவருக்கு முன்னமே தெரிந்தால் தயாராக இருப்பார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எந்த முறையில் செய்தாலும், மருத்துவர் சொல்லும்வரை தாமிரபரணி முங்குக் குளியலும் குற்றால அருவியும் கூடாது. வலி, சிவப்பு கூடி, பார்வை திடீரென மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சொட்டு மருந்து போட்டுப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு நாளில் கிருமித்தொற்று கண்ணையே பறித்துவிடலாம்.