கொழும்பில் குடியையும் குடு என்கிற ஹெரோயினையும் விட வைத்தியம்: எங்கே போவது, எப்படித் தொடங்குவது

காலையில் எழும்பியதுமே சாராயம் தேவைப்படுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், "இன்றோடு நிறுத்து" என்று அவரிடம் சத்தியம் வாங்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்வார்கள், கற்பூரத்தை அணைக்கச் சொல்வார்கள், ஐயப்பனுக்கு மாலை போட வைப்பார்கள், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பார்கள். நேர்த்தி தப்பு என்று நான் சொல்லவில்லை, அது பலருக்கு உண்மையான பலம். ஆனால் வருடக்கணக்காக நாள் தவறாமல் நிறையக் குடித்த உடம்பு மதுவுக்கு ஏற்றபடியே தன்னை மாற்றி வைத்திருக்கும். மது மூளையை மந்தமாக்குகிறது, மூளை அதை ஈடுகட்ட எப்போதும் வேகமாக ஓடப் பழகுகிறது, ஒரு நாள் மது திடீரென்று இல்லாமல் போனால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. அதனால் சிலர் செத்தும் போகிறார்கள். நேர்த்தியும் வையுங்கள், மாலையும் போடுங்கள், அதற்கு முன் ஒரு வைத்தியரைப் பாருங்கள்.

கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, நித்திரையின்மை தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் வருவதுதான் மிகவும் பயங்கரம்: இடம், நேரம் தெரியாமல் உளறுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆட்களோடு பேசுவார், உடம்பு சுடும், நெஞ்சு வேகமாக அடிக்கும். இதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது அவசர நோய். 1990க்கு அழைத்து ஆம்புலன்ஸ் எடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். போயா நாளில் கடை பூட்டியிருக்கும்போதும் இப்படி நடக்கலாம். அதே மாதிரி, கால் முறிந்தோ வேறு நோய்க்கோ வாட்டில் படுத்த ஒருவர் மூன்றாம் நாள் திடீரென்று குழம்பினால், அவர் தினமும் குடிப்பவர் என்று வீட்டுக்காரர் வெட்கத்தில் சொல்லாமல் விட்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். சொல்லிவிடுங்கள். தாதிக்கும் டொக்டருக்கும் அது புதிய கதை இல்லை.

என்ன பாவிக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வழி

மதுவுக்கு, அளவு அதிகமென்றால், வைத்தியரின் மேற்பார்வையில் சில நாட்களுக்கு மருந்து கொடுத்து, அந்த மருந்தையும் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே விற்றமின் பி1 கொடுப்பார்கள், ஏனென்றால் அது இல்லாமல் போனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்த பார்மசியில் நித்திரைக் குளிசை வாங்கி வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் குளிசையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம், தப்பினாலும் இரண்டாவது பழக்கம் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

குடு வேறு மாதிரி. கடைசியாகப் பாவித்து ஒரு நாளுக்குள் உடம்பு முழுக்க வலி, மூக்கும் கண்ணும் ஒழுகல், வயிற்றோட்டம், வாந்தி, குளிர் எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் மதுவைப் போல இதுவே உயிரை எடுப்பது அரிது. உடம்பில் நீர் குறையாமல் பார்க்க வேண்டும், வலிக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுக்கலாம், ஆகவே இதையும் வைத்தியரோடு செய்வதுதான் சுகம்.

ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளை விட்டவர் முதல் சில நாட்கள் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை கொள்வார், நிறையச் சாப்பிடுவார். வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். அதன் பிறகு வரும் வெறுமையைத்தான் கவனிக்க வேண்டும்: எதிலும் மனம் பிடிக்காது, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வரும். அந்தக் கிழமைகளில் அவரைத் தனியாக விடாதீர்கள், சாக எண்ணுகிறாயா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. யாரோ பின்தொடர்கிறார்கள், கமரா வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஐஸ் பாவிக்கும்போதே வரும், சிலருக்கு விட்ட பிறகும் தொடரும். அதற்கு மனநல வைத்தியர் தேவை. நித்திரைக் குளிசையை மாதக்கணக்காகப் போட்டவரும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவருக்கும் வலிப்பு வரலாம்.

எங்கே போவது

தொலைபேசியில் தொடங்குவது சுலபம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சபை இது, தலைமையகம் ராஜகிரியவில். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகிற 177 பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. தலங்கமையில் தங்கி வைத்தியம் பெறும் நிலையம் ஒன்றும் அவர்களுக்கு இருக்கிறது. போகும் முன் அழைத்து, இடம் இருக்கிறதா, என்ன கொண்டுவர வேண்டும், தமிழ் பேசும் உளவளத்துணையாளர் எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். மனதில் இருப்பதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் "கொஞ்சம்தான் பாவிக்கிறேன்" என்று முடித்துக்கொண்டு வந்தால் அந்தப் பயணத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப்போவதென்றால் அவர் நம்புகிற பெரியவராக இருக்கட்டும். சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதற்காக பன்னிரண்டு வயது மகளை இருத்தி அப்பாவின் குடிக் கதையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

1926 அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அங்கொடை என்றாலே முகம் சுளிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பயந்து ஆளை வீட்டிலேயே வைத்திருந்து நாசமாக்கிய குடும்பங்கள் பல. அங்கே போவதால் யாருக்கும் முத்திரை குத்துவதில்லை. அது வேண்டாம் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகம ஆகிய அரச ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். குடியால் நடுக்கமோ வலிப்போ இருந்தால் எந்த நிலையத்தையும் தேட வேண்டாம், நேரே பக்கத்து ஆஸ்பத்திரி.

பேசிப் பார்க்க மட்டும் ஒரு இடம் வேண்டுமென்றால் ஹோர்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் இருக்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே நடத்தப்படுவது அது. சொல்வது வெளியே போகாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் கொழும்பில் நடக்கின்றன, கட்டணம் இல்லை, பெயர் முழுதாகச் சொல்லத் தேவையில்லை, குடியை விட்டவர்களே நடத்துகிறார்கள். வைத்தியத்துக்குப் பதிலாக அதைப் பார்க்காதீர்கள், வைத்தியத்துக்குப் பிறகு அது நன்றாக உதவும்.

தனியார் நிலையம் என்றால் கவனம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி இப்படியான நிலையம் நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், 1927இல் கேட்டு உறுதி செய்யுங்கள். வைத்தியர் யார், எந்த நாளில் வருவார், இரவில் வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், நான் எப்போது வந்து பார்க்கலாம், இவையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "மூன்று மாதத்துக்கு வீட்டார் யாரும் வரக் கூடாது, பேசவும் கூடாது" என்று சொல்கிற, அடித்துத் திருத்துவோம் என்று பெருமை பேசுகிற இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கள். அடியால் யாருக்கும் போதை நோய் குணமானதில்லை. நீதிமன்றம் மூலம் அனுப்பப்படுகிற கட்டாயப் புனர்வாழ்வும் அந்தச் சட்டத்தில் உண்டு, பொலன்னறுவைப் பக்கம் இருக்கிற கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகனைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்தாவது அங்கே அனுப்பலாமா என்று கேட்கிற தாய்மார் இருக்கிறார்கள். அம்மா, அவன் தானாக வரத் தயாராக இருக்கிற வழிகளை எல்லாம் முதலில் பாருங்கள், வழக்கு ஒன்று பதிவானால் அது வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் குறுக்கே வரும்.

ஆளை எப்படிக் கூட்டிப்போவது

வெறியில் இருக்கும்போது பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். எல்லாரையும் கூட்டிவைத்து மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஐயா என்று பஞ்சாயத்து வேண்டாம், ஒருவர் போதும். "குடும்பத்தை அழிச்சிட்டாய்" என்று தொடங்கினால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். "தம்பி, ராத்திரி உன்ர கை நடுங்கினதப் பாத்தன், பயமா இருக்கு, நாளைக்கு நானும் வாறன், டொக்டரிட்ட ஒருக்கா கதைச்சுப் பாப்பம்" என்பது போல, நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றையும் நாளைக்குச் செய்யக்கூடிய ஒன்றையும் மட்டும் சொல்லுங்கள். சரி என்றால் அடுத்த நாளே போங்கள், அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள், அந்தச் சரி கனகாலம் நிற்காது.

போகும்போது அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, இப்போது போடுகிற எல்லா மருந்தும். அப்புறம் உண்மையான அளவு: ஒரு நாளைக்குக் கால் போத்தலா, அரையா, முழுசா, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை இருந்ததா, கூட வேறு என்ன பாவிக்கிறார். மருந்தின் அளவை இதை வைத்துத்தான் கணிப்பார்கள், குறைத்துச் சொன்னால் மருந்து போதாமல் போகும். குடுவோ ஐஸோ பாவிப்பதாகச் சொல்லவும் பயப்படாதீர்கள், வைத்தியர் வைத்தியம் பார்க்கத்தான் இருக்கிறார்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேத்தண்ணியிலோ மருந்து கலக்காதீர்கள். "தெரியாமல் கொடுத்துக் குடியை மறக்கச் செய்யலாம்" என்று விளம்பரம் செய்கிறார்கள், பாவம், வழி தெரியாத மனைவிமார் அதை வாங்குகிறார்கள். டைசல்பிராம் என்ற மருந்து ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். குளிசையை நிறுத்தி இரண்டு கிழமை வரைக்கும் அந்த ஆபத்து இருக்கும். தெரிந்து போடுபவர் அதனால்தான் குடிக்காமல் இருக்கிறார். தெரியாதவர் வழக்கம்போலத் தவறணைக்குப் போய்க் குடித்துவிட்டுத் தெருவில் விழுவார். விளம்பரப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதோ விற்பவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் அவருக்குத் தெரிந்தே செய்யுங்கள், அவருடைய உடம்பு அது.

திரும்பி வந்த பிறகு

உடம்பிலிருந்து விஷத்தை இறக்குவது ஒன்றிரண்டு கிழமை. உண்மையான வைத்தியம் அதற்குப் பிறகுதான், அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகும். நிலையத்திலிருந்து வந்த அன்றே "ஆள் சுகம்" என்று கிளினிக்கை விடுவதுதான் பலர் மறுபடி விழக் காரணம். கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கிற மருந்துகளும் இருக்கின்றன, அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சம்பளத்தைக் கையில் வைத்திருக்க முடியாது என்று அவரே நினைத்தால், சில மாதத்துக்கு நம்பிக்கையான ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம், அவர் ஒத்துக்கொண்டால் மட்டும். பழைய இலக்கங்களைப் போனிலிருந்து அழிக்க வேண்டும், முடிந்தால் சிம்மையே மாற்றுவது நல்லது, ஏனென்றால் குடு விற்பவர் தானே அழைத்துக் கேட்பார். மட்டக்குளியிலோ கிராண்ட்பாஸிலோ ஒரே தோட்டத்தில் விற்பவரும் விட்டவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால், கொஞ்ச நாளைக்கு வேறு ஊரில் இருக்கிற உறவினர் வீட்டில் நிற்க முடியுமா என்று பாருங்கள்.

குடு பாவித்தவரின் வீட்டார் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சில கிழமை விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இருக்காது. முன்பு எடுத்த அதே அளவை ஒரு தடவை எடுத்தாலே மூச்சு நிற்கலாம். நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் கிழமைகள்தான் மிக ஆபத்தான காலம். தட்டினாலும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் உடனே 1990. மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், என்ன எடுத்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலொக்சோன் என்ற மாற்று மருந்தை நேரத்தோடு கொடுத்தால் பிழைக்கலாம்.

மறுபடி குடித்துவிட்டார் என்றால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறினால் திரும்பவும் கிளினிக் போகிறோம், இதற்கும் அதே மாதிரி அடுத்த நாளே போக வேண்டும். என்ன நடந்தது, யாரைச் சந்தித்தார், சண்டையா, சம்பள நாளா, கல்யாண வீடா என்று உளவளத்துணையாளரோடு உட்கார்ந்து பார்த்தால் அடுத்த முறை அந்த இடத்தைத் தாண்டிப்போக வழி தெரியும். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டாரென்றால் அப்போதும் வீட்டில் திடீரென்று நிறுத்த வேண்டாம், முதலில் சொன்னதுதான்.

அவர் வரவே மாட்டேன் என்றாலும் நீங்கள் மட்டும் போகலாம். 1927க்கோ 1926க்கோ மனைவியோ தாயோ அழைத்துத் தங்களுக்காகப் பேசலாம். கடனை அடைத்துக் கொடுக்கவா, வேலைத்தளத்துக்குப் பொய் சொல்லவா, காசு கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே யாராவது உங்களோடு சேர்ந்து யோசிப்பார்கள். அவர் அடிக்கிறாரென்றால் அது வேறு கதை: பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. அவருடைய வைத்தியம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் காசு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இப்போதே வைத்துவிடுங்கள்.