பி53: வேலி மேயவில்லை, சாய்ந்துவிட்டது

"பி53 மரபணுவால்தான் கல்லீரல் புற்றுநோய் வருகிறது" என்று சிலர் எழுதுகிறார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பதுபோல. உண்மையில் வேலி சாய்ந்திருக்கிறது, மேய்ந்தது வேறு. டிஎன்ஏ பழுதான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், தேறாவிட்டால் சாகவைப்பதும்தான் பி53-இன் வேலை. ஆய்வாளர்களே இதில் சறுக்கியவர்கள்தான். 1979-இல் கண்டறிந்ததைப் பத்தாண்டுகள் புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்றே நம்பினார்கள். அவர்கள் கையில் இருந்தவற்றில் பல பழுதான நகல்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

மரபணுப் பழுது என்றதும் "பரம்பரை நோயா?" என்று கேட்பது அடுத்த தவறு. இதற்குச் சீனாவின் சிடோங் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே ஆராய்ந்த 16 கல்லீரல் கட்டிகளில் 8-இல், பி53-இன் 249-ஆவது மூன்றெழுத்துத் தொகுதியில் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருந்ததாக 1991-இல் தெரியவந்தது. அது பெற்றோர் கொடுத்ததல்ல. பூஞ்சை பிடித்த சோளத்திலும் கடலையிலும் சேரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரலுக்குள் பதித்த தடம். அந்த மாற்றம் கல்லீரல் செல்லோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது.

"வறுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பது சமையலறைத் தவறு. சாதாரணச் சமையல் சூட்டில் அஃப்ளடாக்சின் முழுதாக அழியாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தூக்கிப் போடுவதே நல்லது (எண்ணெய்க்கு ஆகுமே என்று எடுத்துவைக்கவும் வேண்டாம்). உடலில் ஹெபடைட்டிஸ் பி வைரசும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. ஆகவே அந்தத் தடுப்பூசியும் இந்தக் கதையில் சேர்த்திதான்.

எல்லாக் கல்லீரல் புற்றுநோயிலும் பி53 கெட்டிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான். மற்றவற்றில் ஆக்சின்1, ஏரிட்2 போன்ற வேறு மரபணுக்கள் பழுதாகலாம். செல் பெருக்கத்தைத் தடுக்கும் இன்னொரு மரபணுவான பி16-இல் பல சமயம் எழுத்தே மாறுவதில்லை. மெத்தில் என்னும் வேதிக் குறிகள் ஒட்டி அதை ஊமையாக்கிவிடுகின்றன. எழுத்துகளை மட்டும் படிக்கும் பரிசோதனையில் "மாற்றம் இல்லை" என வந்தால் மரபணு வேலை செய்கிறது என்று பொருளல்ல.

"அப்படியானால் பி53-ஐத் திரும்பக் கொடுத்தால் போதுமே?" 2007-இல் எலிகளின் கல்லீரல் கட்டிகளில் அதை மறுபடி இயங்கவைத்தபோது கட்டிகள் சுருங்கின. ஆனால் அந்தக் கட்டிகளில் பி53-ஐ அணைக்கவும் எழுப்பவும் ஒரு விசையை முன்கூட்டியே பொருத்தியிருந்தார்கள். நோயாளியின் கட்டியில் அப்படியொரு விசை கிடையாது.